சம்பந்தியின் பூஜ்யம்

என் வயிறு இப்போது நெஞ்சுக்குள் இருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை. புற்றுநோய் வந்த உணவுக்குழாயை எடுத்துவிட்டு, வயிற்றையே குழாய் போலத் தைத்து, மேலே இழுத்துக் கழுத்தருகே இணைத்திருக்கிறார்கள். பொறாமை வந்தால் மற்றவர்களுக்கு வயிறு எரியும் என்பார்கள். எனக்கு எரிவதெல்லாம் நெஞ்சில்தான். கடந்த இரண்டு வருடங்களில் அது பெரும்பாலும் ஒரே ஒரு மனிதரை நினைத்து எரிந்தது. அவர் என் சம்பந்தி, என் ஒரே மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தவர்.

இரண்டு பேருக்கும் ஆரணியில் பட்டு வியாபாரம். நெசவாளிகளுக்குப் பாவு நூலும் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்து வரும் புடவையைப் பார்த்து வாங்கிக் கடைகளுக்கு அனுப்புகிற தொழில். அந்தப் பார்த்து வாங்குவதில்தான் எங்கள் இருவருக்கும் ஆகாது. என்னிடம் புடவை வந்தால் முழுவதையும் பிரிப்பேன். ஒருவரை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி, வாசல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்து, உள்ளங்கையை அடியில் கொடுத்து முந்தியிலிருந்து கடைசி வரை நகர்த்திக்கொண்டே போவேன். ஓர் இழை விட்டிருந்தால் கண் ஏமாறும், கை ஏமாறாது. புடவை கொண்டுவருகிறவர்கள் என் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். சம்பந்தி வீட்டில் கதையே வேறு. முந்தியை மட்டும் விரிப்பார், "ஜோரா இருக்குது" என்பார், மடித்து வைத்துவிடுவார். வந்தவருக்குக் காபி வேறு கிடைக்கும். ஊரில் பாதிப் பேர் அவருக்குத்தான் நெய்ய ஆசைப்பட்டார்கள். இப்படி வியாபாரம் செய்தும் அவர் கெட்டுப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நோய் முதலில் வந்தது எனக்கு. ஒரு நாள் மத்தியானம் சோறு நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்துத் தள்ளினேன். பிறகு இட்லி நின்றது. பிறகு தண்ணீரே நின்றது. வெற்றிலையோடு புகையிலை போட்ட வாய், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு டீ குடித்த தொண்டை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா என் மகளைவிடப் பத்து வயது கூட இருப்பார். ஒரு வெள்ளைத் தாளில் உணவுக்குழாயை வரைந்து, அதைச் சுற்றிக் கழுத்திலிருந்து வயிறு வரை புள்ளி புள்ளியாக வைத்தார்.

"இதெல்லாம் நிணநீர்க் கணு. கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டும்னு சொல்வீங்கள்ல, அந்த நெறிதான். உடம்பு முழுக்க இருக்கு. உங்க நோய் குழாயை விட்டு வெளிய கிளம்பினா முதல்ல இதுலதான் போய் உட்காரும்."

"உட்கார்ந்திருக்குதா?"

"ஸ்கேன்ல ஒண்ணு ரெண்டு சந்தேகமா தெரியுது. ஆனா ஸ்கேன் சொல்றது பாதிதான். ஆபரேஷன்ல எடுத்து, ஒண்ணொண்ணா வெட்டி மைக்ராஸ்கோப்ல பார்த்தாதான் நிஜம் தெரியும். ஒண்ணுலயும் இல்லன்னா ரொம்ப நல்லது. ஒண்ணு ரெண்டு அடுத்த படி. மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் அதுக்கடுத்த படி. ஏழு, அதுக்கு மேல போனா கஷ்டம்."

உயிர் இத்தனை நெறி என்று எண்ணிச் சொல்கிற விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எனக்குப் பூஜ்யத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், முடி கொட்டியது, எச்சில் விழுங்கினால் நெருப்பை விழுங்குவது போல் இருந்தது. எல்லாவற்றையும் அந்தப் பூஜ்யத்தை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். கோயிலுக்குப் போன என் மனைவியிடம்கூட அதைத்தான் வேண்டிக்கொள்ளச் சொன்னேன். உடம்பு நன்றாக வேண்டும் என்று வேண்டாதே, அது பொத்தாம் பொதுவாகப் போய்விடும், பூஜ்யம் என்று தெளிவாகக் கேள் என்றேன்.

ஆபரேஷன் முடிந்து, விலாவில் ஒரு தையலும் வயிற்றில் ஒரு தையலும் கழுத்தில் ஒரு தையலுமாகப் படுத்துக் கிடந்தபோது ரிப்போர்ட் வந்தது. இருபத்தாறு கணுவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் இரண்டில் இருந்தது.

"ரெண்டுதான்" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணும் இல்லாம இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம். அப்படி இருக்கிறவங்களுக்கு நம்பிக்கை இன்னும் கொஞ்சம் அதிகம், மறைக்க மாட்டேன். உங்களுக்கு ஒரு ஊசி மருந்து சேர்த்துக் குடுப்போம். ஆனா இருபத்தாறு பார்த்திருக்கோம். அதனால இந்த ரெண்டு நிஜமான ரெண்டு. அதை மறக்காதீங்க."

நான் அதை அப்போதே மறந்துவிட்டேன். இரண்டு என்பது மட்டும் காதில் நின்றது. இருபத்து நான்கு சுத்தமான முழத்தைக் காட்டினாலும் எனக்குக் குறை உள்ள முழம்தான் கண்ணில் படும், அது என் பிறவிக் குணம்.

மகள் வந்து ஒரு மாதம் இருந்தாள். வயிற்றில் போட்டிருந்த குழாய் வழியாக மணி பார்த்துப் பால் ஊற்றினாள். பிறகு வாய் வழியாகக் கஞ்சி. பொன்னி அரிசியை வறுத்து உடைத்து, கஞ்சியாகக் காய்ச்சித் துணியில் வடிகட்டி, கரண்டி கரண்டியாகக் கொடுப்பாள். ஒரேயடியாகச் சாப்பிட முடியாது, இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக. தட்டையாகப் படுக்கவும் முடியாது, படுத்தால் எல்லாம் தொண்டைக்கு வந்துவிடும். மூன்று தலையணையில் சாய்ந்துகொண்டே தூங்கினேன். அந்த மாதம் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மகள் பக்கத்திலேயே இருந்தாள். மாதம் முடிந்ததும் புகுந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது, கிளம்பிப் போய்விட்டாள். நான்கு தெருதான் தள்ளி, ஆனாலும் அது அவர்கள் வீடு.

ஆறேழு மாதம் கழித்து சம்பந்திக்கு வந்தது.

"உங்களைப் பார்த்த பயம்தான் சம்பந்தி" என்றார் அவர், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து. "ரெண்டு நாள் சோறு கொஞ்சம் மெதுவா இறங்குச்சு. உடனே ஜல்தியா ஓடிட்டேன். ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சிட்டாங்களாம். நீங்கதான் என்னைக் காப்பாத்தினீங்க."

நான் தலையை ஆட்டினேன். எனக்கு நெஞ்சு பற்றிக்கொண்டு வந்தது. என்னைக் காப்பாற்ற எனக்கு முன்னால் யாருக்காவது வந்ததா? நான் விழுந்து காட்டிய பள்ளத்தை இவர் சுற்றிப் போகிறார். அதற்கு நன்றி வேறு சொல்கிறார்.

அவர் வேறோர் ஊரில், உறவுக்காரர் சொன்ன ஆஸ்பத்திரிக்குப் போனார். மருந்து ஏற்றவில்லை, கரண்ட் வைக்கவில்லை, நேராக ஆபரேஷன். தலைமுடி ஒன்றுகூட உதிரவில்லை. என் தலையில் அப்போதுதான் முடி தேங்காய் நார் போல முளைக்கத் தொடங்கியிருந்தது. ஆபரேஷன் முடிந்த சில நாளில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாப்பிள்ளை ரிப்போர்ட்டைப் போட்டோ பிடித்துப் போட்டார். கணுக்கள் ஐந்து பார்த்தோம், ஐந்திலும் நோய் இல்லை. கீழே கும்பிடு போடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. பெரணமல்லூரில் இருக்கும் என் மச்சான், எனக்கு இரண்டு என்று வந்த அன்று ஒரு வார்த்தை எழுதாதவன், வாணவேடிக்கை படம் போட்டிருந்தான். நான் அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு புள்ளி, ஓர் ஒன்று, ஓர் அடித்தல் திருத்தல் இருக்குமா என்று பார்த்தேன். சுத்தமான பூஜ்யம்தான்.

வாழ்நாள் முழுக்க முந்தியை மட்டும் பார்த்து வாங்கின மனிதருக்குப் பூஜ்யம். ஆறு கஜமும் பிரித்துப் பார்த்த எனக்கு இரண்டு. கடவுளும் அவர் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

அவர் வீட்டுக்குத் திரும்பிய வாரம், மகள் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். ஆற்காட்டு மக்கன் பேடா. ரிப்போர்ட் நல்லபடியாக வந்ததற்காக உறவில் எல்லோருக்கும் கொடுத்து அனுப்புகிறார்களாம்.

"மாமாதான் உனக்கு முதல்ல குடுக்கச் சொன்னாருப்பா. நீ சாப்பிட மாட்டன்னு தெரியும், அம்மாவுக்குதான்."

"ஏன் சாப்பிட மாட்டேன்?" என்றேன்.

எனக்கு இனிப்பு ஆகாது. வயிறு குழாயாகிவிட்ட பிறகு சர்க்கரை உள்ளே போனால் தங்காமல் நேரே குடலில் இறங்கும், உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா பலமுறை சொல்லியிருந்தார். எல்லாம் தெரியும். தெரிந்தும் ஒரு முழுப் பேடாவை எடுத்து, அவள் கண்ணெதிரே, கரைய விட்டுக் கரைய விட்டு விழுங்கினேன். நெய்யும் பாகும் முந்திரியுமாக நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடத்தது, சட்டை முழுக்க வியர்த்து ஊற்றியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. மகள் பதறிப்போய் என்னைச் சாய்த்துப் படுக்க வைத்து விசிறினாள். "அறிவு இருக்காப்பா உனக்கு?" என்று அழுதுகொண்டே திட்டினாள். மாமாவுக்குக் கஞ்சி வைக்க நேரமாகிவிட்டது என்று மாமியார் போன் செய்தபோது, "எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்ல, அப்புறமா வர்றேன்" என்று சொன்னாள். வியர்வையில் நனைந்துகொண்டு அதைக் கேட்டேன். அந்த ஒரு சாயங்காலம் சம்பந்திக்குக் கஞ்சி தாமதமாகத்தான் போயிருக்கும்.

ஆனால் அது ஒரு சாயங்காலம். மற்ற நாளெல்லாம் அவள் அவருக்குத்தான். மருமகள், செய்யத்தானே வேண்டும், நியாயம். நியாயம் என்பதற்காக எரியாமல் இருக்குமா? நான் போன் செய்தால் பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்கும். "மாமாவுக்கு அரைச்சுகினு இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்." எனக்குக் கற்றுக்கொண்ட கஞ்சியை அவருக்குக் காய்ச்சினாள். எனக்கு எப்படித் தலையணை அடுக்கினாளோ அப்படியே அவருக்கும் அடுக்கினாள். அவர் பூஜ்யம் வாங்கியவர் முகத்தோடு சாய்ந்துகொண்டு, வருகிறவர்களிடம், "எனக்கு ஒண்ணும் இல்ல, சம்பந்திக்குதான் பாவம் ரெண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தப் 'பாவம்' என் காதுக்கு வந்து சேர்ந்த அன்று நான் நான்கு புடவைகளைத் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த முறை சென்னைக்குச் சோதனைக்குப் போனபோது என் உடம்பைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, டாக்டரம்மாவிடம் போனைக் காட்டினேன். சம்பந்தியின் ரிப்போர்ட் அதில் இருந்தது. எதற்குக் காட்டினேன் என்று கேட்டால் ஒரே காரணம்தான். அந்தப் பூஜ்யத்தை யாராவது கொஞ்சம் மட்டம் தட்டிச் சொல்லிக் கேட்க வேண்டும் போல் இருந்தது.

அவர் பார்த்தார். முகம் மாறியது.

"அஞ்சுதானா பார்த்திருக்காங்க?"

"அஞ்சு போதாதா?"

"குறைஞ்சது பதினஞ்சாவது பார்க்கணும் சார். அஞ்சுல இல்லன்னா, அந்த அஞ்சுல இல்லன்னுதான் அர்த்தம். மத்ததுல இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது. நோயே இல்லாமலும் இருக்கலாம், நல்லதுதான். ஆனா உங்க ரெண்டை நான் நம்பற மாதிரி இந்த பூஜ்யத்தை நம்ப மாட்டேன். அவர் செக்கப்பை விடவே கூடாது. ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. இந்தப் பக்கமா வந்தா நானும் பார்க்கிறேன்."

ஐந்து. ஐயோ, இது முந்தி பார்த்து வாங்கின புடவை அல்லவா! ஆறு கஜத்தில் ஒரு கஜத்தை விரித்து ஜோர் என்று மடித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் அந்தப் போட்டோவை உற்றுப் பார்த்தவன் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்த ஐந்தைப் பார்க்கவே இல்லை. இழை தேடித் தேடியே தலை நரைத்த எனக்கு இது கண்ணில் படவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. காஞ்சிபுரம் தாண்டும் வரை கார் ஜன்னலில் காற்று வாங்கிக்கொண்டு சிரித்தபடியே வந்தேன். "இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்று மனைவி இரண்டு முறை கேட்டாள்.

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே சம்பந்தி வீட்டில் இறங்கினேன். அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். நான் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன். ஐந்து போதாது, குறைந்தது பதினைந்து வேண்டும், உங்கள் பூஜ்யம் நம்புகிற பூஜ்யம் இல்லை, ஸ்கேன் எடுக்க வேண்டும். சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் சொன்ன குரல் எப்படி இருந்தது என்று எனக்கே கேட்டது. குறையுள்ள புடவையை நெசவாளி முன்னால் விரித்துப் போட்டு, விட்டுப்போன இழையை விரலால் தட்டிக் காட்டும்போது வருகிற குரல் அது.

மகள் கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டாள். பிறகு சம்பந்தி சிரித்தார்.

"சம்பந்தி, புடவைல குறை கண்டுபுடிச்சுக் கண்டுபுடிச்சு, இப்ப என் உடம்புலயே ஆரம்பிச்சிட்டீங்களா?"

"நான் சொல்லல. டாக்டரம்மா சொன்னாங்க."

"எங்க டாக்டரு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு. ரெண்டு டாக்டர வெச்சுக்கினு பேஜார் பண்ணிக்கக் கூடாது. உங்களுக்கு ரெண்டு வந்துச்சுன்னு எனக்கும் வரணுமா?"

"அதுக்கில்ல..."

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. காபி சாப்பிடுங்க."

மகள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். "ஏம்பா இப்படிப் பண்ற?" என்று மட்டும் கேட்டாள். நான் கிளம்பியதும் சம்பந்தியம்மா மிளகாயும் உப்பும் எடுத்து அவருக்குச் சுற்றி அடுப்பில் போட்டாராம். யார் கண் என்று பெயர் சொல்லவில்லையாம். நெடி தெரு முனை வரை வந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் என்னிடமே சொன்னார்.

சரி, வேண்டுமென்றால் எடுங்கள், வேண்டாமென்றால் போங்கள் என்று நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னவன் கண்ணுக்கு மிளகாய் சுற்றுகிற வீட்டில் இனி எனக்கென்ன வேலை? தீபாவளிக்குக்கூடப் போகவில்லை. மகள்தான் வந்துபோனாள், வந்தால் அரை மணி.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு நாள் காலை. ஒரு நெசவாளி மாம்பழ நிறப் புடவை ஒன்று கொண்டுவந்திருந்தார். அவர் மறுமுனையைப் பிடித்திருக்க, நான் உள்ளங்கையை நகர்த்திக்கொண்டு பாதி தூரம் போயிருப்பேன். வாசலில் சம்பந்தி வந்து நின்றார். தனியாக வந்திருந்தார். இளைத்திருந்தார், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் எப்போதுமே இளைத்துத்தான் இருந்தோம், அதனால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நெசவாளியைப் பார்த்து, "இன்னா நைனா, ஒரு டீ சாப்ட்டு வர்றியா?" என்றார். அவர் புடவையை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

சம்பந்தி என் எதிரே பாயில் உட்கார்ந்து சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார்.

"உங்க கை பழகின கை. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

இடது பக்கம், காரை எலும்புக்கு மேலே இருக்கும் குழியைக் காட்டினார். நான் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு விரலை வைத்தேன். தேட வேண்டியதே இல்லை. புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக இருந்தது. தள்ளினால் நகரவில்லை. வலது பக்கமும் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி இடது பக்கம் வந்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"வீட்டுல காட்டினீங்களா?"

"பல்லு வலி, அதான் நெறி கட்டியிருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். சொல்லுங்க. அதானா?"

"டாக்டருகிட்ட போகாம என்கிட்ட ஏன் வந்தீங்க?"

"மத்தவங்க எல்லாம் என் மனசு நோகக் கூடாதுன்னு நல்லதையே சொல்லுவாங்க. உங்க வாயில நல்லது வராது. அதனாலதான் வந்தேன்."

நான் விரலை எடுக்கவில்லை. அந்த விரலுக்குக் கீழே அவருடைய நாடி துடிப்பது தெரிந்தது.

"இருக்குது சம்பந்தி. நாளைக்கே சென்னைக்குக் கிளம்பணும். நானும் வர்றேன்."

அவர் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க சொன்னப்ப, பொறாமையில சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"பொறாமையிலதான் சொன்னேன். ஆனா நெஜத்தைதான் சொன்னேன்."

"தெரியுது" என்றார்.

சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் ஒன்று, நெஞ்சுக்குள் குழாய் இருந்த வழியில் இன்னும் சில. டாக்டரம்மா யாரையும் குறை சொல்லவில்லை. தேடியதில் அகப்பட்டது ஐந்து, அகப்படாமல் உள்ளே தங்கியதில் இருந்திருக்கிறது என்றார். மருந்தும் கரண்டும் கொடுக்கலாம், கட்டுப்படுத்தப் பார்க்கலாம் என்றார். குணமாகும் என்ற வார்த்தையை அவர் பயன்படுத்தவில்லை, சம்பந்தியும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பின் சீட்டில் என் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டே வந்தாள். நான் டிரைவர் பக்கத்தில் இருந்தேன். எனக்கு இரண்டு என்று வந்தபோது அவள் இப்படி அழுதாளா என்று நினைத்துப் பார்த்தேன். என் எதிரே அழவில்லை. இப்படியும் ஒரு மனிதனுக்குப் புத்தி போகுமா என்றால், போகும்.

ஆரணியில் இறங்கும்போது அவள் என்னிடம் சொன்னாள். "நீ சொன்னது நடந்துடுச்சேப்பா."

அவள் சொன்னது அவ்வளவுதான். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் என் காதில் அப்படித்தான் விழுந்தது. நான் அவருக்கு நோய் வர வேண்டும் என்று ஒரு நாளும் ஆசைப்படவில்லை. அவருடைய பூஜ்யம் எனக்கு வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மகளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

போன மாதம் எனக்கு ஸ்கேன். எங்கேயும் ஒன்றும் இல்லை என்றார் டாக்டரம்மா. இதே மாதிரி இன்னும் சில வருடம் போனால் நிம்மதியாக இருக்கலாம் என்று முதல் முறையாகச் சிரித்துச் சொன்னார். வரும் வழியில் ஆற்காட்டில் மனைவி காரை நிறுத்தச் சொல்லிக் கால் கிலோ மக்கன் பேடா வாங்கினாள். "யாருக்கு?" என்றேன். "யாருக்கோ" என்று என் துணிப்பையில் வைத்தாள்.

மறுநாள் சம்பந்தியைப் பார்க்கப் போனேன். இப்போது அடிக்கடி போகிறேன், சம்பந்தியம்மா என்னிடம் பேசுவதில்லை, ஆனாலும் நாற்காலி போடுகிறார். சம்பந்திக்குக் கழுத்தில் கரண்ட் வைத்துத் தோல் கறுத்திருந்தது. தொண்டை வெந்து, கஞ்சியே சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. முடி கொட்டிவிட்டிருந்தது. பை என் மடியில் இருந்தது. அதைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன்.

"ஸ்கேன் இன்னா சொல்லுச்சு?" என்றார், குரல் காற்றாக வந்தது.

"ஒண்ணும் இல்லன்னாங்க."

"சுத்தமா?"

"சுத்தமா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பல் எனக்குத் தெரியும். அவருடைய பூஜ்யத்தைப் பற்றிக் கேட்ட நாளெல்லாம் நான் திருப்பிக்கொண்டதும் இப்படித்தான். இவருக்கு ஒரு நாளாவது என் மேல் பொறாமை வர வேண்டும் என்று எவ்வளவு நாள் காத்திருந்தேன்! வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்து போய்விடலாமா என்று பையைப் பிடித்தேன்.

"கொடுத்து வெச்சவரு சம்பந்தி நீங்க" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டே. பிறகு திரும்பினார். "பேடா எங்க?"

"உங்களால முடியாதே."

"நாக்குல வெச்சா போதும். எனக்கு நல்ல ரிப்போர்ட் வந்தப்ப உங்களுக்குக் குடுத்தேன் இல்ல?"

பெட்டியை எடுத்தேன். மகள் வந்து வாங்கிக்கொண்டாள். ஒரு பேடாவைக் கிள்ளி, எறும்பு தூக்குகிற அளவு ஒரு விள்ளல் எடுத்து அவர் நாக்கில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். விழுங்க முடியவில்லை, கரைய விட்டுக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் வழிந்ததை அவள் விரலால் துடைத்தாள். "உனக்கும் இவ்ளோதான்பா, அதுக்கு மேல கேட்கக் கூடாது" என்று இன்னொரு விள்ளலைக் கிள்ளினாள்.

முதல் விள்ளல் அவருக்குத்தான் போனது. பார்த்தேன், பொறாமையாகத்தான் இருந்தது. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.